தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு வீடியோ பாடம்

ஆரணியில் பட்டு நெய்யும் வீடுகளில் வெளிச்சம் நன்றாக விழும் அறை தறிக்குத்தான். குழித்தறியின் மிதி ஏறி இறங்கும் ஓசை காலையில் தொடங்கினால் விளக்கு வைத்த பிறகும் எளிதில் ஓயாது. மிஞ்சிய இடத்தில்தான் சமையல், தூக்கம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம். அந்தப் பிள்ளைகளில் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு இப்போது இரண்டு வகுப்பறைகள். ஒன்று பகலில், கரும்பலகைக்கு முன்னால். மற்றொன்று இரவில், காதில் ஹெட்செட்டும் கையில் கைப்பேசியுமாக. பகலில் புரியாமல் போனதை யூடியூபில் தேடி எடுத்து, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்கிறார்கள்.

இந்த இரண்டாவது வகுப்பறை மதிப்பெண்ணை உயர்த்துகிறதா?

இருபது ஆண்டுகளாகப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இதே கேள்வியைக் கேட்டு வந்திருக்கின்றன. கிடைத்த பதில்கள் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றோடொன்று மோதுகின்றன. சில ஆய்வுகளில் மதிப்பெண் ஏறுகிறது, சிலவற்றில் இறங்குகிறது. அவற்றை அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகத் தெரியும்: வீடியோ பாடம் யாருடைய கையில், எதற்குப் பதிலாக அல்லது எதனோடு சேர்த்துக் கொடுக்கப்படுகிறது என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது. ஆரணி போன்ற ஊருக்கு இது உயிர்நாடியான விஷயம். அருகிலுள்ள தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஊரைச் சுற்றிக் கலைக் கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே படிக்கிறவர்களில் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். பள்ளிப் படிப்பைத் தமிழில் முடித்துவிட்டு, முதல் செமஸ்டரிலேயே ஆங்கிலப் புத்தகத்தை எதிர்கொள்கிறவர்கள்.

இந்தியாவுக்குப் பதிவுப் பாடம் புதிதல்ல. 1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் கல்லூரி மாணவர்களுக்கான நாடு தழுவிய வகுப்பறை நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதற்கான தயாரிப்பு மையங்கள் அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அமைந்தன. ஆனால் தொலைக்காட்சிப் பாடத்தை நிறுத்த முடியாது, திருப்பவும் முடியாது. தவறவிட்டால் போனதுதான்.

விரிவுரைகளைப் பதிவு செய்து இணையத்தில் தரும் என்பிடெல் திட்டம் 2003இல் தொடங்கியதோடு அந்தக் குறை தீர்ந்தது. ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்திய இந்தத் திட்டத்தில் சென்னை ஐஐடிக்கும் அப்போதைய அதன் இயக்குநர் எம்.எஸ்.ஆனந்துக்கும் பெரும் பங்கு உண்டு. பேராசிரியர் வி.பாலகிருஷ்ணனின் இயற்பியல் வகுப்புகளை அந்த வளாகத்துக்குள் ஒருநாளும் காலடி வைக்காத மாணவர்கள்கூட முழுமையாகக் கேட்டார்கள். எந்த ஊரில் பிறந்தாலும் நாட்டின் மிகச் சிறந்த ஆசிரியரின் பாடம் காசில்லாமல் கிடைக்கும் என்பது சாதாரணமான மாற்றமல்ல. 2017இல் மத்திய அரசின் இணையப் படிப்புத் தளமான ஸ்வயம் வந்தது. அதன் வழியாகப் படித்து வாங்கும் கிரெடிட் புள்ளிகளை ஒரு செமஸ்டரின் பாடங்களில் 20 சதவீதம் வரை கல்லூரிகள் ஏற்கலாம் என்று 2016இல் இருந்த விதி, 2021இல் 40 சதவீதமாக உயர்ந்தது. அதாவது வீடியோ பாடம் துணைப்பாடம் என்ற நிலையைத் தாண்டி, பட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

அப்படியானால் மதிப்பெண் என்ன ஆயிற்று?

அமெரிக்காவில் டேவிட் ஃபிக்லியோவும் சக ஆய்வாளர்களும் நடத்திய சோதனை இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுவது. தொடக்கநிலைப் பொருளியல் பாடம். மாணவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் விரிவுரையை நேரில் கேட்டார்கள், மற்றவர்கள் அதே விரிவுரையை இணையத்தில் பார்த்தார்கள். ஆசிரியர், பாடம், தேர்வு எல்லாம் ஒன்றே. 2013இல் அச்சான முடிவின்படி, நேரில் கேட்டவர்களுக்கு ஓரளவு கூடுதல் மதிப்பெண். இந்த வித்தியாசம் எல்லோருக்கும் ஒரே அளவாக இல்லை. ஹிஸ்பானிக் மாணவர்கள், ஆண்கள், ஏற்கெனவே குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் ஆகியோர்தான் வீடியோவால் அதிகம் பின்தங்கினார்கள்.

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையும் இதையே வேறு வழியில் சொன்னது. அங்கே கொடுத்தது பதிவல்ல, வகுப்பின் நேரலை. நேரில் வருவது சிரமமான நாட்களில்தான் மாணவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். வருகை சிறிதளவே குறைந்தது. ஆனால் நன்றாகப் படிக்கும் மாணவர்களின் மதிப்பெண் கூடியது, பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் இறங்கியது. ஒரே வசதி ஒரே வகுப்பை இரண்டாகப் பிரித்துவிட்டது.

பிரிட்டனில் எட்வர்ட்ஸ், கிளின்டன் இருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில் பதிவு கிடைக்கத் தொடங்கிய ஆண்டில் வகுப்புக்கு வருவோர் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது, மதிப்பெண்ணும் சரிந்தது. அதே ஆண்டில் எமிலி நார்ட்மனின் குழு வேறொரு படத்தைக் காட்டியது. அவர்கள் ஒரு பட்டப்படிப்பின் நான்கு ஆண்டு மாணவர்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். பதிவு பார்ப்பதால் கேடு எதுவும் தெரியவில்லை. முதலாண்டு மாணவர்களில் பதிவை அதிகம் பார்த்தவர்கள் அதிக மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். ஆனால் அந்த ஆய்வின் ஒரு வரிதான் நம் ஊருக்கு முக்கியம்: பின்தங்கிய மாணவர்களுக்கு வகுப்போடு சேர்த்துப் பார்த்த பதிவு உதவியது, வகுப்புக்குப் போகாததால் வந்த இழப்பைப் பதிவை வைத்து ஈடுகட்ட வலுவான மாணவர்களால் மட்டுமே முடிந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆஸ்திரேலியாவின் மைக்கேல் நோட்டல் குழு 2021இல் 105 சோதனைகளைத் தொகுத்தது. அவற்றில் பங்கேற்ற மாணவர்கள் 7,776 பேர். வழக்கமான கற்பித்தலுக்குப் பதிலாக வீடியோவை வைத்தபோது 0.28 திட்டவிலக்க அளவுக்கு முன்னேற்றம். வழக்கமான கற்பித்தலை அப்படியே வைத்துக்கொண்டு வீடியோவைக் கூடுதலாகக் கொடுத்தபோது 0.80. வகுப்பில் திட்டவிலக்கம் 10 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், முதலாவது ஏறக்குறைய 3 மதிப்பெண், இரண்டாவது 8. தமிழ்நாட்டுத் தேர்வுத்தாளில் 8 மதிப்பெண் என்பது பலருக்கு அரியருக்கும் தேர்ச்சிக்கும் நடுவே இருக்கும் தூரம். பதிலாக வைத்தபோதும் சிறிது லாபம் தெரிகிறதே என்று கேட்கலாம். அந்தச் சோதனைகளில் பயன்பட்ட வீடியோக்களில் பல கற்பிப்பதற்கென்றே திட்டமிட்டு எடுத்தவை. வகுப்பின் மூலையில் கேமராவை நிறுத்தி எடுத்த ஐம்பது நிமிடப் பதிவுக்கு அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

வீடியோ மட்டுமே மிஞ்சினால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு தன் உடம்பிலேயே பார்த்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டன. பட்டுச் சேலை விற்பனை முடங்கியதும் நெசவாளர் வீடுகளில் கையில் காசு இல்லை. இந்தியக் குடும்பங்களில் இணைய வசதி இருந்தவை நான்கில் ஒன்றுக்கும் குறைவு, கிராமங்களில் 15 சதவீதம்தான் என்று 2017-18இன் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு ஏற்கெனவே சொல்லியிருந்தது. 2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு 9,69,047 கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா தரும் அட்டைகளை அறிவித்தது. நல்ல முடிவு, தேவையான முடிவு. ஆனால் டேட்டா வந்த வீட்டில் தனி அறை வரவில்லை, ஆளுக்கொரு கைப்பேசியும் வரவில்லை. சந்தேகம் கேட்க ஆளும் இல்லை. அண்ணனும் தங்கையும் ஒரே கைப்பேசியில் முறைவைத்துப் படித்த வீடுகள் இந்த மாவட்டம் முழுக்க இருந்தன.

மேலைநாட்டு ஆய்வுகளை அப்படியே இங்கே பொருத்தவும் முடியாது. அவர்களுடைய பெரிய கவலை, பதிவு கிடைத்தால் மாணவர்கள் வகுப்புக்கு வரமாட்டார்கள் என்பது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 75 சதவீத வருகை இல்லாமல் தேர்வு எழுதுவது கடினம். எனவே இங்கே வகுப்பறை காலியாவதில்லை. இங்குள்ள சிக்கல் வேறு. மாணவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார், அட்டென்டன்ஸ் விழுகிறது, மனம் வேறெங்கோ இருக்கிறது. ‘புரியலன்னா ராத்திரி யூடியூப்ல பாத்துக்கலாம்’ என்ற நம்பிக்கை துணைக்கு இருக்கிறது. அந்த ராத்திரி பெரும்பாலும் தேர்வுக்கு முந்தைய ராத்திரியாகிவிடுகிறது.

அதற்கென்றே ஒரு வகை வீடியோ தமிழில் பெருகியிருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வுத்தாளில் பத்து டூ மார்க் கேள்விகள், ஐந்து பதின்மூன்று மார்க் கேள்விகள், பார்ட் சி-யில் ஒரு பதினைந்து மார்க். இந்த அமைப்புக்கு ஏற்ப, யூனிட் வாரியாக எந்தக் கேள்வி வரக்கூடும், எந்த வரிசையில் எழுதினால் மார்க் விழும் என்று பேச்சுத்தமிழில் சொல்லித் தருகிறார்கள். இவர்களைக் குறை சொல்ல மனம் வராது. ஆங்கிலத்தில் தலைக்கு மேலே போன பாடத்தைத் தன் வீட்டு மொழியில் ஒருவர் பொறுமையாக விளக்கும்போது கிடைக்கும் ஆறுதலைத் தமிழ்வழியில் படித்து வந்த எவரும் உணர்வார்கள். ஆனால் அது அந்தத் தாளை மட்டும் தாண்ட வைக்கும். முதலாண்டுக் கணிதத்தில் அணிக்கோவையை இப்படித் தாண்டியவர், மூன்றாம் ஆண்டில் கட்டுப்பாட்டுப் பொறியியலில் அதே அணிக்கோவை மறுபடி வந்து நிற்கும்போது தடுமாறுவார்.

மொழியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. என்பிடெல் பாடங்களின் எழுத்துவடிவம் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் பெயர்க்கப்படுகிறது. பதிவு செய்த பாடத்தின் மிகப் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது: நிறுத்தலாம். ஒரு வாக்கியத்தை மூன்று முறை கேட்கலாம், சொல்லை அகராதியில் பார்க்கலாம், அடியில் ஓடும் எழுத்தைப் படிக்கலாம். நேர்வகுப்பில் கையைத் தூக்கி ‘சார், இன்னொரு தடவை’ என்று கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது பெரிய விடுதலை.

நிறுத்துகிறார்களா என்பதுதான் அடுத்த கேள்வி. எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்த ஃபிலிப் குவோ குழு, வீடியோ எவ்வளவு நீளமானாலும் கவனம் ஏறக்குறைய ஆறு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை என்று 2014இல் கண்டது. ஹார்வர்டில் கார்ல் ஷ்புனர் குழு 21 நிமிடப் புள்ளியியல் விரிவுரை ஒன்றை நான்காக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு சின்னத் தேர்வை வைத்தது. அப்படிப் பார்த்தவர்களுக்கு மனம் அலைபாய்வது பாதியாகக் குறைந்தது, குறிப்பெடுப்பது மூன்று மடங்கானது, கடைசித் தேர்விலும் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. விரிவுரை மாறவில்லை. இடையிடையே ஒருவர் ‘எங்கே சொல்லு பார்ப்போம்’ என்று கேட்டார், அவ்வளவுதான்.

வேகமாக ஓட்டிப் பார்ப்பதைப் பற்றி ஆசிரியர்கள் படும் கவலைக்கு அவ்வளவு ஆதாரமில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் நடந்த ஆய்வில் இரண்டு மடங்கு வேகம் வரை புரிதல் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அந்த மாணவர்கள் கேட்டது தங்களுக்குப் பழகிய மொழியில். இரண்டாம் மொழியில் கேட்கும் ஆரணி மாணவருக்கு அதே சலுகை உண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நெசவு கற்றுக்கொள்ளும் விதத்தை நினைத்துப் பார்த்தால் வீடியோவில் எது குறைகிறது என்பது விளங்கும். தறியில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை முதலில் பார்க்கிறது, பிறகு நாடாவைக் கையில் வாங்குகிறது. பாவில் ஓர் இழை அறுந்தால் சேலையில் அந்த இடம் உடனே கண்ணில் படும். அப்பாவோ அம்மாவோ அங்கேயே நிறுத்தி, இழையை முடிந்து, மேலே நெய்யச் சொல்வார்கள். பத்து முழம் நெய்த பிறகு தெரிய வந்தால் ஜரிகையும் போச்சு, கூலியும் போச்சு. வீடியோ பாடத்தில் அறுந்த இழை தெரிவதே இல்லை. எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். ஐந்தாவது நிமிடத்தில் தவறாகப் புரிந்துகொண்ட ஒன்று ஐம்பதாவது நிமிடம் வரை கூடவே வந்து, தேர்வு அறையில்தான் வெளிப்படும்.

என்பிடெல் இதை உணர்ந்துதான் 2014 முதல் சான்றிதழ்ப் படிப்புகளை வாரக்கணக்கில் அமைத்தது. ஒவ்வொரு வாரமும் பாடத்தோடு ஒரு பயிற்சித்தாள் வரும். பன்னிரண்டு வாரப் படிப்பென்றால் சிறந்த எட்டுத் தாள்களின் சராசரிக்கு 25 மதிப்பெண். கண்காணிப்போடு நேரில் எழுதும் தேர்வுக்கு 75. கல்லூரிகளில் உள்ளூர்க் கிளைகள், அவற்றில் ஓர் ஒருங்கிணைப்பாளர், வழிகாட்டும் ஆசிரியர்கள். சென்னை ஐஐடி 2020 ஜூனில் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பும் இதே எலும்புக்கூட்டில்தான் நிற்கிறது. பாடம் பதிவாக வருகிறது, வினாத்தாளை நேரில் வந்து எழுத வேண்டும், பெரும்பாலானோருக்கு முதல் நான்கு வாரத் தகுதிச் சுற்றைத் தாண்டினால்தான் உள்ளே இடம். குடும்ப வருமானத்துக்கு ஏற்ப 75 சதவீதம் வரை கட்டணச் சலுகையும் உண்டு.

இந்தக் கட்டுக்கோப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய இலவசப் படிப்புகளை ஜஸ்டின் ரைக் குழு 2019இல் ஆராய்ந்தபோது, பெயர் பதிவு செய்தவர்களில் கடைசி வரை வந்தவர்கள் சுமார் 3 சதவீதமே. கட்டுக்கோப்பு இருந்தும் அதை ஏமாற்ற வழி உண்டு. வாராந்தரப் பயிற்சித்தாளின் விடைகள் டெலிகிராம் குழுக்களில் முன்கூட்டியே சுற்றுகின்றன. 25க்கு 24 வாங்கி, தேர்வில் 75க்கு 30ஐத் தொடத் திணறும் மாணவர்கள் அப்படித்தான் உருவாகிறார்கள். இழை அறுந்ததைக் காட்டித் தருவதற்காக வைத்த ஒரே இடத்தை அவர்கள் தாங்களே மூடிக்கொள்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

பணமும் குறுக்கே வருகிறது. என்பிடெலில் பாடம் பார்ப்பது இலவசம். தேர்வுக் கட்டணம் பல ஆண்டுகளாக 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்குத் தமிழ்நாடு அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதந்தோறும் கிடைக்கும் தொகையும் அதே 1,000 ரூபாய்தான். ஒரு தேர்வுக்கு ஒரு மாதத் தொகை. தகுதியுள்ள மாணவர்களுக்கு இந்தக் கட்டணத்தைக் கல்லூரியே கட்டுவது பெரிய செலவல்ல. கைப்பேசித் திரையில் சமன்பாட்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கும் சிரமத்துக்கு 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட, 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கான மடிக்கணினி, கைக்கணினித் திட்டம் ஓரளவு விடை தரும்.

மடிக்கணினி வந்தாலும் தறியறைக்குப் பின்னால் உள்ள இடம் அதேதான். அதனால் வீட்டை நம்பாமல் கல்லூரியை நம்புவதே ஆரணிக்குப் பொருந்தும். கணினி ஆய்வகத்தை மாலை ஏழு மணி வரை திறந்து வைக்கலாம். முதலாண்டுக் கணிதத்துக்கு மட்டும், வாரம் இரண்டு மாலை. அன்றைய வகுப்பில் நடந்த பகுதிக்கு உரிய பதிவை ஆறேழு நிமிடத் துண்டுகளாகப் பார்ப்பது, ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு ஒரு கணக்கைக் காகிதத்தில் போடுவது, போட்டதைப் பார்த்துத் தமிழில் திருத்திச் சொல்ல ஓர் இளம் ஆசிரியர் அல்லது மூன்றாமாண்டு மாணவர் அறையில் இருப்பது. போளூருக்கும் செய்யாறுக்கும் வந்தவாசிக்கும் போகிறவர்களின் பேருந்து நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பேருந்துக்குக் கவலைப்படுகிற பிள்ளையின் காதில் எந்த விரிவுரையும் ஏறாது.

இது பயன் தருகிறதா என்று பார்க்க வெளிநாட்டு ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டியதுமில்லை. வீடியோ இணைப்பை எல்லா மாணவர்களுக்கும் கொடுத்துவிட்டு, மாலை அமர்வை முதல் இன்டர்னல் வரை பாதிப் பேருக்கும் அதற்குப் பிறகு மற்ற பாதிக்கும் குலுக்கல் முறையில் வைத்தால் போதும். யாருக்கும் எதுவும் குறையாது. முதல் இன்டர்னல் மதிப்பெண் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் நாளில், இரண்டு பாதிகளின் சராசரியையும் அதே துறை ஆசிரியர்களே அரைமணி நேரத்தில் கணக்கிட்டுவிடலாம்.